தாத்தாவும் மாப்பிள்ளையும்

தேர்வுப் போட்டிக்கு இன்னும் சரியாக நாற்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. ஸ்டுடியோவில் மதிய இடைவேளை. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மேசைமேல் இருந்த இரண்டு பழைய கேமராக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குள் இரண்டில் ஒன்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் தங்கையின் தாண்டலில் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

தங்கைக்கு வீட்டில் கொக்கு என்று பெயர். கால்கள் அப்படி. உயரம் தாண்டுபவள். மூன்று வாரம் முன்புவரை தன் தலையுயரக் கம்பியை வாசற்படியைத் தாண்டுவதுபோலத் தாண்டிக்கொண்டிருந்தாள். இப்போது அதைவிட ஒரு சாண் கீழே வைத்தாலும் இடுப்பால் தட்டிவிட்டு வருகிறாள். கோச் ஓட்டம் தொடங்கும் இடத்தை மாற்றிப் பார்த்தார். காலணியை மாற்றிப் பார்த்தார். திட்டியும் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. வயது வரம்பில் அவளுக்கு இது கடைசி வருடம். சனிக்கிழமை காலை தாண்டிவிட்டால் மாநில அணியில் இடம், விடுதி, கல்லூரிப் படிப்பு எல்லாம் கூடவே வரும். இல்லாவிட்டால் ஓடிய ஓட்டத்தையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

கால் ஊன்றி எழும்பும் அந்த நொடியைத் துண்டு துண்டாகப் படமெடுத்துக் காட்டு, தப்பு எங்கே என்று சொல்லிவிடுகிறேன் என்றார் கோச். செல்போனில் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளரங்கத்து மங்கல் வெளிச்சத்தில் எல்லாம் கலங்கலாக வந்தது. அக்காவின் சொந்தக் கேமரா ஷட்டர் போய்ப் படுத்ததும் சரியாகத் தங்கையின் தாண்டல் கெட்ட அந்த வாரம்தான். கேமரா இல்லை என்று அவளும் மைதானத்துப் பக்கம் போகாமல் இருந்துவிட்டாள். அது இப்போது உறுத்திக்கொண்டே இருந்தது.

பழைய கேமரா விற்கும் கடைக்காரர்தான் இரண்டை எடுத்து நீட்டினார். "இது தாத்தா. பதினஞ்சு வருஷம் மைதானத்துலயே உழைச்ச உடம்பு. இது மாப்பிள்ளை. பார்க்க லட்சணமா இருப்பாரு, வேலைன்னு சொன்னா மட்டும் நிதானமா எழுந்து வருவாரு. ரெண்டு பேரையும் வச்சுப் பாரும்மா. ஒருத்தரை வச்சுக்க."

அவர் சொன்னது சரிதான். தாத்தா நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும். ஆனால் இருட்டினால் படத்தில் மணல் கொட்டியதுபோலப் புள்ளி விழும், திரை தீப்பெட்டி அளவுதான், கழுத்தில் மாட்டினால் அம்மிக்கல்லைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். மாப்பிள்ளையின் படம் துல்லியம். இமைமுடியை எண்ணலாம். ஆனால் நொடிக்கு மூன்றுதான். ஓடி வரும் கால் ஒரு படத்தில் தரையில் இருக்கும், அடுத்த படத்தில் ஆள் அந்தரத்தில் இருப்பாள். நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் அரங்கத்தில் ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு தாண்டல் தாத்தாவில், அடுத்தது மாப்பிள்ளையில் என்று எடுத்தாள். தாத்தா தடதடவென்று ஓடுவதைக் கேட்டு, கேமராவா மாவு மில்லா என்று கேட்டாள் கொக்கு. கம்பிக்கு அப்பால் போட்டிருந்த மெத்தையிலிருந்து எழும்போதெல்லாம் சிரித்தாள். கம்பி விழும்போதும் சிரித்தாள். நடுவில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"மூடியைக் கொஞ்சம் திறந்து குடுக்கா."

"ஆளுயரம் தாண்டறவளுக்கு ஒரு மூடி திறக்க வரலையா?"

"கை வேர்த்திருக்குக்கா."

அக்கா திறந்து கொடுத்தாள். அவள் கண் கேமராவின் சின்னத் திரையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றினாள். முதலில் கழிப்பதைக் கழிக்க வேண்டும். ஆறு வருட ஸ்டுடியோ வேலையில் அது கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். கல்யாணமோ பாஸ்போர்ட்டோ, கண் மூடிய படத்தை வாடிக்கையாளர் பார்க்கவே கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதனால் படத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு கண்களை மட்டும் பார்ப்பாள். திறந்திருந்தால் நிற்கும், மூடியிருந்தால் போகும். மனசு வேறெங்கோ இருந்தாலும் விரல் தன்பாட்டில் அழிக்கும்.

கழித்தபின் இரண்டு கேமராவின் வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளையில் அந்த நொடி இல்லை. எதிர்பார்த்ததுதான். தாத்தாவிலும் இல்லை. வளைந்து ஓடி வரும் கொக்கு, கம்பியை நோக்கித் திரும்பும் கொக்கு, அப்புறம் நேராக அந்தரத்தில் கொக்கு. கால் ஊன்றிய படம் ஒன்றுகூட இல்லை. எல்லாத் தாண்டலிலும் அதே இடத்தில் ஓட்டை. எட்டுப் படம் எடுக்கிற கேமரா எப்படி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தூங்கும்?

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே போய் நின்றாள். தாத்தா நடுவில் நின்றுவிடுகிறது, ஏமாற்றிவிட்டீர்கள் என்பதை அவளுக்கு வந்த மரியாதையான வார்த்தைகளில் சொன்னாள். கடைக்காரர் கோபப்படவில்லை. கேமராவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பிடித்தார். தையல் மெஷின்போல ஒரே சீராக ஓடியது.

"தாத்தாவுக்குக் கண்ணு மங்கலா இருக்கலாம்மா. நடுவழியில உட்கார்ற ஆள் இல்லை." சுவர்க்கடிகாரத்தைப் படமெடுத்து அவளிடம் நீட்டினார். "நீயே பாரு."

பார்த்தாள். நொடிமுள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. ஓட்டை இல்லை. படங்களின் எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருந்தன. அந்த எண்களைப் பார்த்ததும் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. நேற்று வீட்டில் இருந்த வரிசையில் எண்கள் தாவியிருந்தன. பதினெட்டுக்குப் பிறகு இருபத்தொன்று. கேமரா விட்டிருந்தால் எண் தாவாது. எடுத்த படத்தை யாராவது அழித்தால்தான் தாவும்.

"என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு? மாப்பிள்ளையையே வச்சுக்கறியா?"

தாத்தாவையே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, மாப்பிள்ளையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்டுடியோவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினாள். நேராக வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அம்மா கொல்லையில் கொக்கின் பனியனைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்தாள். நல்லவேளை, காலி செய்திருக்கவில்லை. எல்லாம் அங்கே இருந்தன. கம்பிக்கு முன்னால் கடைசி அடி. கால் ஊன்ற வேண்டிய இடத்தைவிட்டுக் கம்பிக்கு மிக அருகில் விழுகிறது. கோச் தேடியது அதுதான். ஆனால் அக்கா காலைப் பார்க்கவில்லை. இப்போதும் அவள் பார்த்தது கண்களைத்தான்.

மூடியிருந்தன. இமைத்ததாக இருந்தால் ஒரு படத்தில் மூடியிருக்கும், இன்னொன்றில் திறந்திருக்கும். இது அப்படியில்லை. ஒவ்வொரு தாண்டலிலும், அதே அடியில், இரண்டு மூன்று படங்களுக்குத் தொடர்ந்து இறுக்கி மூடியிருந்தாள். புருவம் சுருங்கி, உதடு உள்ளே மடிந்து, தோள்கள் காதுவரை ஏறி, யாரோ அடிக்கக் கையை ஓங்கியதுபோல. கம்பி விழும்போதெல்லாம் சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்கு ஒரு கணம் முன்னால் இந்த முகம்தான் இருந்திருக்கிறது. அதைத்தான் அக்கா உதவாத படம் என்று தள்ளியிருக்கிறாள்.

கோச்சுக்கு அனுப்பலாமா? அனுப்பினால் கால் விழும் இடத்தைப் பார்ப்பார், சரிசெய்வார், நாளை அவள் தாண்டினாலும் தாண்டிவிடுவாள். கண்ணைப் பார்ப்பாரா? அனுப்பும் பொத்தான்வரை போன விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கொக்கு வந்தாள். நாளை போட்டி என்பதால் இன்று வெறும் நடைதான். பையைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கால்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்தாள். தலையணையைத் தள்ளி வைத்துவிட்டாள். கொஞ்ச நாளாக அப்படித்தான் படுக்கிறாள் என்பதும் அக்காவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எது ஜெயிச்சுதுக்கா? தாத்தாவா, மாப்பிள்ளையா?"

"தாத்தா."

"பாவம் மாப்பிள்ளை. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையே அமைய மாட்டேங்குது." அடுத்த அறையிலிருந்து அம்மா என்னடி அங்கே என்று குரல் கொடுத்தாள். ஒண்ணுமில்லம்மா என்றாள் கொக்கு.

அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

கொக்கு பார்த்தாள். முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். "இதையெல்லாம் ஏன் வச்சிருக்க? கண் மூடியிருந்தா நீதான் உடனே தூக்கிப் போட்டுருவியே."

"போட்டேன். தப்புப் பண்ணிட்டேன்." அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எதுக்குடி மூடற?"

அடுத்த அறையில் இஸ்திரிப் பெட்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. கொக்கு தன் வலது கையை விரித்துப் பார்த்தாள், மூடினாள், மறுபடி விரித்தாள். அந்தக் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். மூடி திறக்காத பாட்டில் அவள் கண்முன் வந்து நின்றது. கேட்காமலே விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போட்டி முடிந்தபின் நாளை மதியம் கேட்டால் என்ன ஆகிவிடும்?

"விழுந்தியா?"

தலையசைப்பு.

"எப்போ?"

"நீ வராம இருந்தியே, அந்த வாரம். மெத்தை ஓரத்துல. யாரும் பார்க்கல." கொக்கின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "அம்மாகிட்ட சொல்லாதக்கா."

"எங்கே அடி?"

அக்கா பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே கொக்கு சொன்னாள்.

"கழுத்துல. ரெண்டு கையும் மரத்துப்போச்சுக்கா, எழுந்திருக்கவே முடியல. அப்புறம் மத்ததெல்லாம் சரியாயிடுச்சு. இந்தக் கை இன்னும் சரியாகல. இப்ப நீ பிடிச்சிருக்கறதுகூட எனக்குத் தெரியல."