இரண்டாவது போல்ட்

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. குண்டசாலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கைரியா கேட்டார். "எங்கட றமீலாவுக்கு வாப்பாட முகமே ஞாபகமில்ல, சேர். அவர் எப்பிடி மௌத்தானார் எண்டு நல்லா எழுதித் தாங்க. அவள் படிக்கட்டும்." நானும் பெரிய எழுத்தாளன் மாதிரி சரி என்றுவிட்டேன்.

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மேல் காலைப் பனி மெல்ல—

(அடித்துவிட்டேன். பனியை யார் கேட்டது?)

2

கைரியாவின் இறந்துபோன கணவர் ஜவாஹிர். அவருடைய கூட்டாளி அழகமுத்து, தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தோட்டத்துரை பங்களாவின் கொட்டிலில் கறையான் தின்றுகொண்டிருந்த ஒரு பாய்ப்படகை இருவருமாக வாங்கி, இரண்டு வருடம் ஞாயிறு ஞாயிறாகச் செப்பனிட்டார்கள். படகின் அடியில் கனத்த ஈயக்கட்டை ஒன்று உண்டு. காற்று எவ்வளவு சாய்த்தாலும் கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அந்தக் கட்டையைத் தாங்குவது ஆறு போல்ட். வெண்கலத்தில் போட வேண்டியது. அழகமுத்து பெக்டரியில் தேயிலைக் கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷினின் இரும்பு போல்ட்டைப் போட்டான்.

"அம்பது வருசமா ரோலரையே தாங்குது நானா, இந்தக் கட்டையத் தாங்காதா?" ஜவாஹிரை அவன் 'நானா', அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

(ரோலர் தண்ணீரில் கிடப்பதில்லை. இருவருமே அதை யோசிக்கவில்லை. இதுவரை யார் மேலும் குற்றமில்லை. இங்கேயே நிறுத்தினால் எனக்கு நல்லது.)

3

படகைத் தண்ணீரில் இறக்கிய ஐந்தாம் வருடம், பாய்ப்படகுப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம், அழகமுத்து வழக்கம்போல ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தான். நன்றாக இருந்தது. மனம் கேட்காமல் இரண்டாவதையும் கழற்றினான். நடுவில் துரு தின்று, பென்சில் தடிப்பில் வந்தது. மற்ற நான்கும் எப்படி இருக்கும் என்று ஒரு பிட்டருக்குத் தெரியாதா?

ஆனால் அந்த வருடந்தான் போட்டித் தாளில், சுக்கான் பிடிப்பவர் என்ற இடத்தில், முதன்முதலாக அவன் பெயர் இருந்தது. அதுவரை படகுக் கிளப்பில் எல்லோருக்கும் அவன் வெறும் ரிப்பேர் பாஸ், கூலிக்குக் கைவேலை செய்பவன்.

"என்ன அழகமுத்து, எல்லாம் சரிதானே?" என்று ஜவாஹிர் கேட்டார்.

"சரி நானா."

கிரீஸ் பூசி அதே போல்ட்டைத் திரும்பப் போட்டான்.

(அவனை நல்லவனாக எழுதிப் பார்த்தேன். பொல்லாதவனாகவும் எழுதிப் பார்த்தேன். போங்கள், இரண்டிலும் அவன் இல்லை.)

4

மறுநாள் போட்டியில் இரண்டாவது மிதவையைச் சுற்றும்போது அவர்கள் முன்னால் இருந்தார்கள். கரையில் கைரியா பிள்ளை றமீலாவைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். படகு சாய்ந்தது. அடியில் ஒரு சத்தம். அப்படியே புரண்டுவிட்டது. ஜவாஹிர் பாய்க்கு அடியில் அகப்பட்டார். உயிர்காப்பு அங்கி அவரை மேலே தள்ளத் தள்ள, பாய் விடவில்லை. அழகமுத்து முங்கி முங்கி வெளியே இழுத்தபோது மூச்சில்லை.

"காத்துதான்" என்றான் அழகமுத்து. கழன்று போன ஈயக்கட்டை போல்ட்டுகளோடு ஆழத்தில் கிடந்தது. எல்லோரும் நம்பினார்கள். தன் கணவரை விட்டுக் கரையேறாத மனிதன் என்று, ஏழு வருடமாக நோன்பு மாதம் முழுக்கக் கைரியா அவன் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறார்.

"தொண்டையில எறங்க மாட்டேங்குது சார். வேணாம்னா ஏன்னு கேப்பாங்களே" என்று என்னிடம் அழுதான். "என்னால சொல்ல முடியாது. நீங்களே எழுதிருங்க."

5

முடிவு ஒன்று: காற்று. றமீலா அழுவாள், வாப்பாவை நினைத்துப் பெருமையும் படுவாள்.

முடிவு இரண்டு:

(முதலாவதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அவனைப் போலவே 'சரி' என்று சொல்லிவிட எனக்கும் நாக்கு வந்ததே, அந்த வெட்கத்தில்.)

முடிவை வாசகரிடம் விடுகிறேன் என்று சொல்லி நழுவுவது எழுதுகிற எங்கள் ஆட்களின் பழக்கம். இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான். கைரியா, இதை மகளிடம் கொடுக்குமுன் நீங்கள் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்று பதினோராம் நோன்பு. நேற்று நீங்கள் கஞ்சி அனுப்பிய தூக்குச்சட்டியைக் கழுவி அழகமுத்து தன் வாசலில் வைத்திருக்கிறான். வரும்போது பார்த்தேன்.