அறுபத்து மூன்றாவது கையெழுத்து

1

வாசகப் பெருமக்களின் மேலான கவனத்திற்கு: திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், இந்நாட்டின் தொழிலுறவு வரலாற்றையே முன், பின் என இரண்டாகப் பிளந்த மாபெரும் நிகழ்வொன்று அண்மையில் நடந்தேறியது. வருங்காலத் தலைமுறைகளுக்காக அதைப் பதிவுசெய்யும் பொறுப்பு என் எளிய தோள்களில் விழுந்திருக்கிறது. நிகழ்வு இதுதான்: ஒரு பெண் வேலை கேட்டுப் போனாள்.

கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் ஒரு நண்பர் சொன்னார். பஸ் வரவில்லை என்பதால் முழுவதையும் சொன்னார்.

2

முதல் தொடக்கம்: "எண்ணூரின் செவ்வானம், உழைப்பவரின் குருதியைப் போல—"

வேண்டாம். நேர்காணல் காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் எண்ணூர் வானம் பழைய பனியன் நிறத்தில் இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "மதி ஒரு நெருப்பு."

இல்லை. மதிக்கு இருபத்தாறு வயது. வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. தொழிலாளர் மேலாண்மையில் முதுகலை. இது பத்தாவது நேர்காணல். ஒன்பது இடங்களில் "கூப்பிடுகிறோம்" என்றார்கள். இதுவும் போனால் கடன் அட்டை விற்கிற போன் வேலைதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுடைய அப்பா ஏதோ ஒரு கன்டெய்னர் யார்டில் பன்னிரண்டு வருடம் காண்ட்ராக்ட் ஆளாக உழைத்துவிட்டு, உழைத்ததற்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். மதி இந்தப் படிப்பை எடுத்தது அதனால்தான் என்று எழுத ஆசை. உண்மையில் கட்-ஆஃப் குறைவாக இருந்த பிரிவு அது.

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்வோம்: மதி ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்தாள்.

3

தொழிற்சாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். வால்வு செய்கிறார்கள். வாசலில் "நாம் ஒரே குடும்பம்" என்று ஆளுயரப் பலகை. பலகைக்கு எதிரே தார்ப்பாய்ப் பந்தல். வெளியே தள்ளப்பட்ட காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் அறுபத்திரண்டு பேர், பத்தொன்பதாம் நாளாக உட்கார்ந்திருந்தார்கள். நிழல் என்று அந்தச் சாலையில் இருந்தது பந்தல் மட்டும். மற்றதெல்லாம் கன்டெய்னர் லாரி.

"இன்னாம்மா, வெயில்ல காஞ்சிகினு கீற? உள்ள வந்து குந்து."

அடைக்கலமேரி. கேன்டீனில் ஆறு வருடம் பாத்திரம் கழுவியவர். பந்தலின் வருகைப் பதிவு அவர் பொறுப்பு.

"எந்த காண்ட்ராக்ட்டு நீ? பேக்கிங்கா?"

ஆறு காண்ட்ராக்டர், மூன்று ஷிப்ட். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது; பந்தலுக்குப் புது ஆள் வந்து சேர்வதும் உண்டு. மதி வாயைத் திறப்பதற்குள் மடியில் நோட்டு வந்து விழுந்தது.

"மொதல்ல சைன் போடு. அப்பால பேசிக்கலாம்."

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல நோட்டுகளை ஒன்றாகத் தைத்து, அரிசிச் சாக்கில் அட்டை போட்ட நீள நோட்டு. கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இவர்கள் பெயர் என்றைக்குமே கிடையாது. எனவே ஆறு வருடமாக இவர்களே ஒரு நோட்டில் தேதி, பெயர், பார்த்த வேலை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். வேலை போன பிறகும் பந்தலில் அதே நோட்டு தொடர்ந்தது. "நாங்கள் இங்கே இருந்தோம்" என்பதற்கு உலகத்திலேயே இருந்த ஒரே சான்று அது.

மதி சின்ன வயதில், அப்பாவும் மற்றவர்களும் யார்டு வாசலில் போட்ட போராட்டப் பந்தலில் உட்கார்ந்து, அவர் வேறு கூலிக்குப் போன நாட்களில் அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டவள். நோட்டு மடியில் விழுந்ததும் கை தானாக ஓடிவிட்டது. வரிசை எண் 63.*

"மேரிக்கா," என்று ஓரத்திலிருந்து டில்லிபாபு குரல் கொடுத்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், பந்தலின் தலைவர். "வர்றவங்க போறவங்களலாம் குந்த வச்சிகினு கீற. மீன் மார்க்கெட்டா இது?"

"நீ பொத்திகினு இரு. புள்ள பேக்கிங்கு."

மதி அப்போதே 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிழல் நன்றாக இருந்தது.

(*63 என்றதும் பக்திமான்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை அப்படி வந்துவிட்டது.)

4

மனிதவளத் தலைவரின் பெயர் ரெஜி. மேசைப் பலகையில் பதவி இரண்டு வரிக்கு ஓடியதால் பெயருக்கு இடம் போதாமல் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"எங்களுக்கு சர்ட்டிஃபிகேட்லாம் முக்கியமில்லம்மா. மனுசங்ககிட்ட பேசத் தெரியணும். இது ஒரு குடும்பம்."

"தெரியும் சார்."

"வெளிய உக்காந்திருக்கவங்க யாரு, சொல்லுங்க பாப்பம்."

"காண்ட்ராக்ட் தொழிலாளர்கள், சார்."

"விருந்தாளிங்க. குடும்பத்துக்கு வந்த விருந்தாளிங்க. கெளம்ப மாட்டேங்காங்க."

"ஆறு வருஷமா சார்?"

ரெஜி சிரிப்பை நிறுத்தினார். "யாரு சொன்னா ஆறு வருஷம்னு? அப்படி ஒரு ரெக்கார்டும் நம்மகிட்ட கெடையாதே. அவங்ககிட்டதான் ஏதோ ஒரு நோட்டு இருக்காம். வியாழக்கிழமை லேபர் ஆபீஸ்ல விசாரணை. அதுக்குள்ள அந்த நோட்டு இந்த மேசைக்கு வந்தா, திங்கக்கெழம வேலைக்கு வந்துரலாம். இதான் டெஸ்ட்டுன்னு வச்சுக்கங்க."

மதி சர்ட்டிஃபிகேட்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

5

இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு இரண்டு டீ குடித்தேன். நீங்களும் கணக்கைச் சரிபாருங்கள். நோட்டை எடுத்துக் கொடுத்தால், ரெஜி கடைசிப் பக்கத்தில் அவள் பெயரைப் பார்ப்பார், வேலை போகும். கொடுக்காவிட்டாலும் வேலை போகும். அது பரவாயில்லை. நோட்டு அப்படியே வியாழக்கிழமை லேபர் ஆபீஸுக்குப் போனால், கம்பெனி வக்கீல் கேட்பார்: "யார் இந்த மதி? எந்த மெஷின்?" ஒரு பெயர் பொய் என்றால் அறுபத்திரண்டும் பொய். நிழலுக்கு ஒதுங்கிய ஒருத்தி, அத்தனை பேரின் ஆறு வருடத்தையும் ஒரே கையெழுத்தில் அழித்துவிட்டாள்.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) தன் பெயர் இருக்கும் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு நோட்டைக் கொடுக்கிறாள். வேலை கிடைக்கிறது. இந்த முடிவைப் பத்திரிகைகள் "யதார்த்தம்" என்று பாராட்டும்.

(ஆ) பந்தலுக்குத் திரும்பி, மைக்கைப் பிடித்து, முழங்கி— சீ. அந்தப் பந்தலில் மைக்கே கிடையாது.

(இ) பஸ் ஏறிப் போய்விடுகிறாள். நானாக இருந்தால் இதுதான்.

6

நண்பர் என்று யாரும் இல்லை. டோல்கேட்டில் யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அங்கே இருந்தவன் நான். அதே வேலைக்கு வந்திருந்தேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. பழைய கம்பெனி மூடி மூன்று வருடம். ஓய்வில் இந்த மாதிரி நையாண்டி எழுதி வந்தேன். ஓய்வு நிறைய இருந்தது. ரெஜி எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் உள்ளே கூப்பிட்டார். "உங்க ரெண்டு பேர்ல யாரு கொண்டுவந்தாலும்" என்பது அவர் சொன்ன வாசகம். நாலாம் பகுதியில் அதைச் சற்றுத் திருத்தி எழுதியிருந்தேன்.

மதி நேராகப் பந்தலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். இன் பண்ணிய சட்டை, பையில் இரண்டு பேனா. "பேப்பர்காரரா? குந்துங்க சார்" என்று அடைக்கலமேரி நாற்காலி போட்டார். நான் மறுக்கவில்லை. நிழல் நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா, நான் பேக்கிங் இல்ல," என்றாள் மதி. நின்றுகொண்டே சொன்னாள். "உள்ள இன்டர்வியூக்கு வந்தேன். தெரியாம சைன் போட்டுட்டேன். என் பேர எல்லாரும் பாக்க அடிச்சிடுங்க. பக்கத்துலயே காரணம் எழுதி, ரெண்டு பேர் சாட்சி போடுங்க. இல்லாங்காட்டி கேஸு நிக்காது."

டில்லிபாபு எழுந்து வந்தார். "இன்னா வேலைக்கு இன்டர்வியூ?"

"லேபர் ரிலேஷன்ஸ்."

"அப்டின்னா?"

"உங்ககிட்ட பேசுற வேல."

"பத்தொம்போது நாளா ஒருத்தன் பேசல. வேல மட்டும் கீதா?"

யாரோ சிரித்தார்கள். அடைக்கலமேரி சிரிக்கவில்லை. "நோட்ட எடுத்தாரச் சொன்னாங்களா உன்ன?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். மதி வீணாக்கினாள்.

"ஆமாக்கா. அத சொல்லத்தான் வந்தேன். பத்திரமா வைங்க."

பந்தல் மொத்தமும் எழுந்தது. ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். "கம்பெனி ஆளுடா!" "இல்லடா, அவளே ஒத்துக்குறா இல்ல!" "அவள விடாத!" மதி நகரவில்லை. "பேர அடிங்க, மொதல்ல பேர அடிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்ட நேர்காணல்களிலேயே மிகச் சிறந்தது அது. பார்க்க வேண்டிய அதிகாரி மட்டும் அங்கே இல்லை.

அடைக்கலமேரி கூட்டத்தை விலக்கப் போகுமுன் நோட்டை என் மடியில் வைத்தார்.

"சார், கொஞ்சம் புடிங்க. பத்திரம்."

எழுதுகிறவன் கையில் ஒரு நோட்டு இருந்தால் எவருக்கும் சந்தேகம் வராது. எழுந்தேன். கேட் இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. "நாம் ஒரே குடும்பம்" பலகையைத் தாண்டும்போது பின்னால் சத்தம் சட்டென்று அடங்கியது. பிறகு அடைக்கலமேரியின் குரல்: "ஏ, நோட்டு எங்க?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டு கேட்ட கம்பெனியிலிருந்து வந்தவள் அவள், அவள் பின்னாலேயே வந்தவன் நான்; அறுபத்திரண்டு பேரும் அந்த நொடியில் யாரைப் பார்த்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

அங்கிருந்து மதியை எப்படி வெளியே கொண்டுவருவது? மூன்று வாரமாக எழுதி எழுதி அடிக்கிறேன். அவளை நம்பிய ஒரே ஒருவரைப் பந்தலில் நிறுத்திப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

[                              ]

திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன்.