பிஸ்கட்டை இனி யாருக்கும் காட்டுவதில்லை

1

இது துண்டுப் பிரசுரமாக இருந்திருக்க வேண்டியது. ரோவேனா டில்மன் என் மருந்துக்கடைக்கு வந்தாள். பூச்சி மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, "நீ ஏதோ எழுதுவியாமே? படிக்கிறவங்க மனசு இளகுற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் குடு. எனக்குப் பேசிப் பேசி வாய் வலிக்குது" என்றாள்.

அன்று நான் எழுதிய முதல் வரி: 'கொலராடோவின் தெற்கே, மலைகள் வெண்பனி போர்த்தி உறங்கும்...'

வேண்டாம். மலை உறங்காது. ரோவேனாவும் உறங்கி வெகுநாளாகிறது.

இரண்டாவது வரி: 'உலகத்திலேயே அழகான அந்த மஞ்சள் கண்கள்...' அதையும் அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில் தெரியும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ரோவேனா அறுபதைத் தாண்டியவள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். குட்டியாக இருக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் யாருக்கும் வேண்டாமல் போன ஓநாய்களையும், ஓநாயும் நாயும் கலந்து பிறந்தவற்றையும் ஒரு வாடகை நிலத்தில் வைத்துக் காப்பாற்றி வந்தாள். (கலந்து பிறந்தவற்றைக் 'கலப்பு' என்று எழுதுகிறேன். நல்ல சொல் அகப்படவில்லை.) நிலத்துக்காரர் போன வருடமே விற்க முடிவு செய்துவிட்டார். இந்த வருடம் பனி விழுவதற்குள் காலி செய்ய வேண்டும். நிரந்தரமாக ஓர் இடம் அமையாவிட்டால் இவற்றை ஏற்க வேறு யாரும் இல்லை. கால்நடை மருத்துவர் போடும் கடைசி ஊசிதான் மிச்சம். அதை மட்டும் அவள் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொன்னால் ஜனங்கள் எழுந்து காபி எடுக்கப் போய்விடுகிறார்கள் என்பாள்.

2

ஆகவே அவள் பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நிலம் கேட்டுப் போனாள்.

பிஸ்கட் ஒரு கிழட்டுக் கலப்பு. டென்வரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் யாரோ செல்லமாக வைத்த பெயர். சோபாவைக் கிழித்துத் தின்ற அன்று அந்தச் செல்லம் முடிந்துபோனது. இருப்பவற்றில் மனிதர்களைச் சகித்துக்கொள்வது அவன் ஒருவன்தான். தேவாலயக் கூடம், தீவனக்கடை வாசல், கோடைச் சந்தை என்று போகாத இடமில்லை. எலோய் ஆர்ச்சுலேட்டா என்ற வெல்டர் வண்டி ஓட்டுவான். சம்பளம் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

"கடிக்குமா?" என்று எல்லா ஊரிலும் ஒருவர் கேட்பார்.

"இன்னும் இல்ல" என்பான் எலோய்.

பேச்சு முடிந்ததும் வரிசையில் வந்து தடவுவார்கள், கழுத்தைக் கட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். பிஸ்கட் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவான். "பாவம், தூக்கம் வந்துடுச்சு பாரு" என்று சிரிப்பார்கள். அது தூக்கமல்ல. பயந்தால் இவை கொட்டாவி விடும். கழுத்துப் பட்டையைப் பிடித்திருக்கும் ரோவேனாவின் விரல்களுக்கு அவன் நடுக்கம் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஊர் என்று அவனிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டிருப்பாள்.

திரும்பும் வழியில் ஒருமுறை எலோய் சொன்னான்: "முதலாளியம்மா, என் கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை இத்தனை பேர் தொடல."

"உன்னைத் தொட்டா யாரு நிலம் குடுப்பா?"

"அதான் என் பொண்டாட்டியும் கேட்டா."

இருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. பிஸ்கட் பின்னால் கூண்டின் மூலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தான்.

3

கோடை முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம், முன்பின் தெரியாத வண்டி ஒன்று வாசலில் நின்றது. இறங்கியவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். பெயர் டஸ்டின். கல்குவாரியில் வேலை.

"மேடம், என்னை ஞாபகம் இருக்காது உங்களுக்கு. போன வருஷம் சந்தையில பிஸ்கட்டோட படம் எடுத்துக்கிட்டேன்."

"நிறைய பேர் எடுத்தாங்க."

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நமக்கும் இப்படி ஒண்ணு வேணும்னு." அவன் வண்டியின் பின்பக்கம் பார்த்தான். கூண்டுக்குள் ஒரு பெண் கலப்பு, சாம்பல் நிறம், இன்னும் முழுதாக வளராதது. "ஜூனோன்னு பேரு. வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் காலி. ரெண்டாவது தடவை ஆடு. இன்னொரு தடவைன்னா சுட்டுடுவேன்னு சொல்லிட்டாங்க. நீங்க எடுத்துக்கணும் மேடம்."

ரோவேனாவுக்குக் கோபம்கூட மெதுவாகத்தான் வந்தது. "வாங்காதீங்க, இது வீட்ல வளர்க்கிற பிராணி இல்லன்னு நான் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேனே. காதுல விழலையா?"

"விழுந்துது மேடம்." அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா நீங்க அதைச் சொல்லும்போது அவன் உங்க கால்மேல தலைய வச்சுப் படுத்திருந்தான்."

(என் முதல் வரைவில் இந்த இடத்தில் ரோவேனா அழுதாள். அதை அவளுக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். "நான் அழல. கூண்டைக் கழுவினேன். அதை எழுது" என்றாள். கூண்டைக் கழுவினாள். ஜூனோவை எடுத்துக்கொண்டாள்.)

மாலையில் எலோயிடம் சொன்னாள்: "பிஸ்கட்டை இனி யாருக்கும் காட்டப்போறதில்ல."

"சனிக்கிழமை மார்ஜரி வீட்டு விருந்து இருக்கு. ஓடைக்கரை நிலத்தையே தர்றதாச் சொல்லிட்டு, அவனைப் பாக்கத்தான் அந்தம்மா காத்திருக்கா."

"தெரியும்."

"வாடகை நிலம் போகப்போகுது. பனி வரப்போகுது. அதுவும் தெரியுமா?"

"எனக்கு எல்லாம் தெரியும் எலோய். தெரிஞ்சு தெரிஞ்சே களைச்சுப் போச்சு."

மஞ்சள் கண்கள் வரியை நான் ஏன் அடித்தேன் என்று இப்போது புரியும். பேனாவால் செய்தாலும் அதுவும் சந்தையில் நிறுத்திக் காட்டுவதுதான். துண்டுப் பிரசுரத்தைக் கைவிட்டுத் தமிழில் கதையாக எழுதப்போகிறேன் என்று ரோவேனாவிடம் சொன்னேன். "உங்க ஊர்லேர்ந்து யாராவது குட்டி கேட்டு இங்க வருவாங்களா?" என்றாள். கஷ்டம் என்றேன். "அப்ப எழுதிக்கோ."

4

மார்ஜரி ப்ளன்ட் கணவனை இழந்தவள். பள்ளத்தாக்கில் பாதி அவளுடையது. அவள் கனவை எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்: வராந்தாவில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது ஓநாய்கள் ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வர வேண்டும். விருந்தாளிகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோவேனாவும் எலோயும் மட்டும் இறங்கி வந்தார்கள்.

"எங்க நம்ம பிஸ்கட்?" என்றாள் மார்ஜரி.

"வரல. இனி எங்கேயும் வரமாட்டான்." ரோவேனா ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வாயில் நிற்கவில்லை. "நீங்க எல்லாரும் அவனைத் தடவுறப்போ அவன் பயத்தை முழுங்கிக்கிட்டு நின்னான். அதை அன்புன்னு உங்ககிட்ட வித்தேன். அதைப் பாத்து ஒருத்தன் குட்டி வாங்கிட்டான். இன்னும் எத்தனை பேர் வாங்கினாங்களோ. மார்ஜரி, எனக்கு வேணும்கிறது யாரும் வந்து பாக்க முடியாத இடம். நீங்ககூட."

மார்ஜரி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் எதைப் பாத்துக் குடுக்கறது?"

"என்னைப் பாத்துக் குடுங்க. பாக்க அப்படியொண்ணும் லட்சணம் இல்லதான்."

எலோய் மட்டும் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திவிட்டான்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்றில் மார்ஜரி கண்கலங்கி ஓடைக்கரையை எழுதிக் கொடுக்கிறாள். மற்றதில் கதவைக் காட்டுகிறாள். நடந்தது இரண்டையும்விடச் சின்னது. அடுத்த வாரம் மார்ஜரி தொலைபேசியில் கூப்பிட்டாள். "நான் பாக்கக்கூடாதுன்னா, கண்ணுல படாத இடத்தைத்தான் தரணும். மேட்டுக்கு அந்தப்பக்கம் பாறை நிலம் ஒண்ணு கிடக்கு. அதை எடுத்துக்கோ. இனி எப்பவும் உன் ஓநாய்ங்களுக்குத்தான்." பழிக்குக் கொடுத்தாளா, மரியாதைக்குக் கொடுத்தாளா என்று ரோவேனாவுக்கு இன்றுவரை தெரியாது. யோசித்துப் பார்க்க நேரமுமில்லை. பத்திரம் பதிவானது.

தண்ணீரை லாரியில்தான் கொண்டுபோக வேண்டும். நிழலுக்குச் சில குட்டைப் பைன் மரங்கள். எலோய் கடப்பாரையை ஒருமுறை இறக்கிப் பார்த்தான். அது எகிறி வந்தது. "வேலிக்காலுக்குக் குழி எடுக்கவா இங்க? மாதாவே வந்து கடப்பாரை பிடிச்சாலும் முடியாது முதலாளியம்மா."

"அவங்க வர்ற வரைக்கும் நாம தோண்டுவோம்."

5

வந்தது டஸ்டின். குவாரியிலிருந்து பாறை துளைக்கும் எந்திரத்தை இரவல் வாங்கி, வண்டியில் கட்டி இழுத்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. ஞாயிறுதோறும் வந்து விடிந்ததிலிருந்து துளைத்தான். எலோய் பின்னாலேயே இரும்பு வேலிக்கால்களை நட்டுக்கொண்டு போனான். ரோவேனா சிமெண்டு குழைத்தாள். டஸ்டினோடு அவள் அதிகம் பேசவில்லை. மத்தியானம் பீன்ஸ் பொதிந்த ரொட்டிச் சுருளை நீட்டுவாள். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வான். பனிக்கு முன் வேலி சுற்றி முடிந்துவிடும் என்று நம்ப ஆரம்பித்தார்கள்.

ஜூனோ மட்டும் சரியாகத் தின்னவில்லை. பழைய வாடகை நிலத்தில், எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து கதவருகே போய் நிற்கும். வண்டி கடந்து போனதும் அங்கேயே படுத்துக்கொள்ளும். எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

ஒரு ஞாயிறு, கடைசி மூலைக்குத் துளை போட்டு முடித்த பிறகு, டஸ்டின் எந்திரத்தை நிறுத்தினான்.

"மேடம், ஜூனோவை ஒரே ஒரு தடவை பாக்கலாமா? தூர இருந்துதான். தொடமாட்டேன்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "முடியாதுன்னாலும் வேலி முடியற வரைக்கும் வருவேன். அதுக்காகக் கேக்கல."

ரோவேனா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்தால் அது ஒருவேளை தின்னத் தொடங்கலாம். அல்லது அவன் வண்டி கிளம்பிப் போனதும் முதலிலிருந்து காத்திருக்கத் தொடங்கலாம். எது நடக்கும் என்று இத்தனை வருடம் ஓநாய்களோடு இருந்த அவளுக்கும் தெரியாது. யாரும் பார்க்கக்கூடாது என்று ஊர்கூட்டிச் சொன்னவளும் அவள்தான்.

என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள. எழுதாதே" என்றாள். எலோயைக் கேட்டேன். அந்த வாயாடியும் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டான். 'சரி, ஏறு வண்டியில, என்று...' இப்படி ஒரு வரி எழுதினேன். 'முடியாது என்று அவள் தலையை மெல்ல ஆட்டி...' இப்படி ஒன்று. இரண்டிலும் நானே நம்பாத ஏதோ இருந்தது. இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

பாறைமேல் காற்று அடிக்கிறது. சிமெண்டு இறுகத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் வேலிக்காலை நட வேண்டும். டஸ்டின் கையுறையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கிறான். அவனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.