தேய்த்தெடுத்த சக்கரங்கள்

என் கணவருக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது கழற்றிச் சரிபார்த்து மாட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "நீ குடுத்து வச்சவ" என்று யாராவது சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். டயர் கடை வைத்திருக்கிறார். தெருவில் ஒரு வண்டி போனால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டார், எந்தச் சக்கரம் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். சாவு வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கிற வண்டிகளின் டயரைக் குனிந்து தடவிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போகும்.

அழுக்கைக் கண்டு முகம் சுளிக்கிறவள் இல்லை நான். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற மூட்டையைப் பிரித்து, விரிப்பு தனி, உறை தனி, அங்கி தனி என்று பிரித்துப் போடுவது என் வேலை. ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் பார்த்தாயிற்று. கையுறையைக் கழற்றிச் சோப்புப் போட்டால் தீர்ந்தது. சோப்புப் போட்டாலும் போகாத சில மனுஷக் குணங்கள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு ஆகாது.

போன வருடம் டி.வி.யில் பனிக்கட்டித் தரையில் ஒருத்தி சறுக்குவதைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள், நிற்காமல், காலையும் மாற்றாமல், அப்படியே திரும்பிப் பின்னால் போனாள். பனியில் மூன்று என்கிற எண்ணை எழுதியது போல ஒரு கோடு விழுந்தது. அதற்கு த்ரீ டர்ன் என்று பெயராம். இதைச் செய்யாமல் நான் சாகக் கூடாது என்று தோன்றியது. எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் ஊரில் பனிக்கட்டி இருப்பது மீன்கடையில்தான்.

அதனால் நாலு சக்கரமும் ஒரே வரிசையில் இருக்கிற சாதாரண ஸ்கேட் ஒரு ஜோடி வாங்கினேன். பழகுவதற்குக் கிடைத்த இடம், கடைவீதியில் இருக்கிற வண்டி நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைத்தளம். கண்றாவி! புறா எச்சம், எண்ணெய்க் கறை, எவனோ தின்றுவிட்டுப் போட்ட கோழி எலும்பு. நான் துடைப்பம் எடுத்துக்கொண்டு போய், பெருக்கிவிட்டுத்தான் காலில் மாட்டுவேன். விழாத நாளே கிடையாது. இடுப்பில் வாங்கிய அடி நீலம் போய்ப் பச்சையாகி, மஞ்சளாகி, அது மறைவதற்குள் அதன் மேலேயே அடுத்தது விழும்.

முன்னால் போவது வந்துவிட்டது, பின்னால் போவதும் வந்துவிட்டது. திரும்புவது மட்டும் வரவே இல்லை. காரணம் புரிய மாதங்கள் ஆயின. பனியில் போகிறவர்களின் காலடிக் கத்தி லேசாக வளைந்திருக்கும். அதனால் ஒரு நேரத்தில் துளிதான் தரையில் படும், சுலபமாகத் திரும்பும். என் ஸ்கேட்டில் நாலு சக்கரமும் தரையைக் கவ்விக்கொண்டு ரயில் மாதிரி நேராகத்தான் போகும். அதை வளைக்க ஒரு வழி உண்டு. நடுவில் இருக்கிற இரண்டும் பெரிய சக்கரமாகவும், முன்னும் பின்னும் கொஞ்சம் சிறியதாகவும் இருக்க வேண்டும். கடையில் சிறியது கேட்டால் குழந்தைகளுக்கானதைத்தான் நீட்டினார்கள், அது என் ஸ்கேட்டில் சேரவில்லை. ஆகவே நானே தேய்த்தேன். சொரசொரப்பான சிமெண்டில் வேண்டுமென்றே இழுத்து இழுத்து, இடம் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு காலுக்கும் சேர்த்து நாலு சக்கரங்களை ஒரே அளவுக்குக் கொண்டு வந்தேன். குதிகாலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் பிரேக்கையும் கழற்றினேன், பின்னால் போகும்போது அது தரையில் முட்டும். அந்த வாரமே த்ரீ டர்ன் வந்துவிட்டது. மொட்டைத்தளத்தில் ஒற்றை ஆளாக நின்று கத்தினேன். புறாக்கள்தான் பறந்தன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் தேய்ந்த சக்கரம் ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவருக்கு எல்லாம் சொன்னேன். போனில் எவனோ லாரி டயர் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"எதுக்கு இந்த வம்பு? நேராப் போயிட்டு நேரா வந்தா ஆகாதா?"

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஊரில் ஒரு ஸ்கேட்டிங் குழு இருக்கிறது. அவர்களுக்கென்று கண்ணாடி மாதிரி மரத்தரை போட்ட அரங்கம். குழுவில் சேர வருடத்துக்கு ஒரு முறை தேர்வு வைப்பார்கள். த்ரீ டர்ன், அரைச்சுற்றுத் தாவல், ஒற்றைக் காலில் ஒரு சுழற்சி. எந்த ஸ்கேட்டில் செய்தாலும் சரி, செய்தால் போதும். எனக்கு இது வேறு வழியில்லாத தேர்வு. யாரோ குடித்துவிட்டு ரகளை செய்ததால் மொட்டைத்தளத்தைப் பூட்டப்போவதாக அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இதில் தேறாவிட்டால் எனக்குச் சறுக்க இடமே கிடையாது.

தேர்வு நாளன்று எனக்குக் காலை வேலை. ஸ்கேட் பையை இவருடைய வண்டியில் வைத்துவிட்டுப் போனேன். வேலை முடிந்து நேராக அரங்கத்துக்கு ஓடினால், இவர் பையோடு வாசலில் நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் அவருடைய அக்கா, என் நாத்தனார், கையில் வறுத்த கடலைப் பொட்டலம்.

"இந்த வயசுல காலைத் தூக்கிக்கிட்டுச் சுத்தப்போறியாமே? பாக்காம விடுவேனா?" என்றார். கடலைத் தோலை ஊதினார், அது என் சட்டையில் வந்து ஒட்டியது.

"பாருங்க அண்ணி, நல்லாப் பாருங்க," என்றேன்.

உடை மாற்றும் அறையில் ஈரக் காலுறை நாற்றம். பெஞ்சில் யாருடைய காலிலிருந்தோ உரிந்த பிளாஸ்திரி ஒட்டிக்கிடந்தது. அதற்குள் என் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவசர அவசரமாகக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். எழுந்து நின்றபோதே கால் மரக்கட்டை மாதிரி இருந்தது. பயத்தில் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நடத்துகிறவரை எல்லாரும் விசிலம்மா என்பார்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஊதினார். நான் வலது காலில் வளைவெடுத்து, தோளைத் திருப்பினேன். தோள் திரும்பியது, கால் திரும்பவில்லை. நாலு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டன. விடாப்பிடியாகத் திருகினேன், குதிகாலில் ஏதோ நங்கென்று முட்டியது. அடுத்த நொடி என் தாடை மரத்தரையில். வாயில் ரத்தம் கரித்தது. நாத்தனார் "ஐயய்யோ" என்றது அரங்கம் முழுக்கக் கேட்டது. அந்த ஐயய்யோவில் பாதி சிரிப்பு.

படுத்தவாக்கில் காலைப் பார்த்தேன். எட்டும் புத்தம் புதிய சக்கரங்கள், எல்லாம் ஒரே உயரம். பின்னால் பிரேக் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

இவர் ஓடிவந்தார். "எப்படி விழுந்த? எல்லாத்தையும் புதுசா மாத்தி வச்சேனே! பிரேக்குகூட மாட்டினேன், நீ விழக் கூடாதுன்னு!"

தூ என்று துப்பலாம் போல இருந்தது. ரத்தம் இருந்ததால் உண்மையாகவே கைக்குட்டையில் துப்பினேன்.

"பழைய சக்கரம் எங்க?"

"அதுவா? தேய்ஞ்சு போனதுதானே. கடைக்குப் பின்னாடி குப்பைத் தொட்டில போட்டேன்."

விசிலம்மாவிடம் போய்க் கடைசி ஆளாக இன்னொரு முறை விடச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் தாடையைப் பார்த்தார். "எல்லாரும் முடிக்கிறதுக்குள்ள வந்தா பாக்கலாம். காத்திருக்கமாட்டேன்," என்றார். நான் ஸ்கேட்டைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன்.

இவர் வண்டியைக் கடைக்கு விரட்டினார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அவருடைய கடைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. இரண்டுக்கும் சேர்த்துப் பின்சந்தில் ஒரே இரும்புத் தொட்டி. மூடியைத் தூக்கியதும் ஈக்கள் முகத்தில் மோதின. ஊசிப்போன குழம்பு, முட்டை ஓடு, கிரீஸ் துணி, யாரோ வழியில் போகிறவர்கள் வீசிய குழந்தை டயப்பர். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றார்.

"ச்சீ, விடு. கையை வைக்காத. வேற புதுசு வாங்கித் தரேன்."

அப்போதுதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுக்கொண்டே கத்தினேன்.

"புதுசு வேணாங்க! தேய்ஞ்சதுதான் வேணும்! முன்னும் பின்னும் சின்னதா இருந்தாத்தான் திரும்பும்னு மேசைல வச்சுக் காட்டினேனா இல்லையா? நீங்க தலையாட்டினீங்களா இல்லையா?"

"காட்டின..." என்றார். குரல் இறங்கிவிட்டது. "தேய்ஞ்சிருக்குன்னு சொன்ன இல்ல? அதுதான் காதுல விழுந்துச்சு. குறை சொல்றன்னு நெனச்சேன். சரி, மாத்திக் குடுத்துடலாம்னு..."

"மிச்சம்?"

"மிச்சம் கேக்கல."

இதைவிட அந்த டயப்பரே மேல். இருபது வருடம் இந்த ஆளோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். நான் பேசியதில் டயருக்குப் பொருந்துகிற ஒரு வார்த்தையை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைக் கொட்டியிருக்கிறார். நான் தேய்த்த நாலில் மூன்று கிரீஸ் துணிக்கடியில் சேர்ந்தாற்போல் கிடந்தன. நாலாவது குழம்புக்குள் அடியில் போயிருந்தது. காலை உயர்த்தி, தலையை உள்ளே விட்டு எடுத்தேன். முடியிலெல்லாம் ஒழுகியது.

இவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். சக்கரங்களைக் கழுவினேன், என்னைக் கழுவ நேரமில்லை. திரும்பி வரும் வழியில் அவருடைய ஆலன் கீ என்கிற திருகுக் கம்பியால் நானே எல்லாவற்றையும் மாட்டினேன். பிரேக்கைக் கழற்றி ஜன்னல் வழியாக எறிந்தேன். அவர் நாற்றம் போக வண்டிக் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார்.

அரங்கத்தில் கடைசிப் பெண் சுழன்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் வரிசையாக நின்றவர்கள் ஒதுங்கினார்கள். ஒருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடினாள். நாத்தனார் கடலைப் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "என்ன கருமம்டி இது?" என்றார். விசிலம்மா விசிலை வாயில் வைக்கப் போனவர், ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு ஊதினார்.

வலது காலில் வளைவெடுத்தேன். தோளைத் திருப்பினேன். தோள் சொன்னதைக் கால் கேட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். மரத்தரையில் சத்தமே இல்லை. தாவலில் கொஞ்சம் தடுமாறினேன், ஆனால் ஒற்றைக் காலில்தான் இறங்கினேன். சுழற்சியின்போது என் முடியிலிருந்து குழம்பு தெறித்து முன்வரிசை மேல் விழுந்தது என்று பின்னால் சொன்னார்கள். நன்றாக விழட்டும்.

"சேத்தாச்சு," என்றார் விசிலம்மா. "குளிச்சிட்டு அடுத்த வாரம் வாங்க." பிறகு குனிந்து என் சக்கரங்களைப் பார்த்தார். "சாதாரண ஸ்கேட்டுல இவ்வளவு கச்சிதமா யாரு செட் பண்ணது?"

தம்பி டயர் கடைக்காரன் என்று நாத்தனார் அதற்குள் அரங்கம் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். நாத்தனார், "வேற யாரு, எங்க வீட்டுப் பிள்ளதான்," என்று இவர் முதுகில் தட்டினார். இவர் தொண்டையைக் கனைத்தார். தொழிலைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு முன்பு எப்போதும் வருகிற கனைப்பு அது. இந்த ஆள் இதையும் சொல்லிக்கொள்வார், நான் இன்றைக்கே இவரோடு பேச்சை நிறுத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்தேன்.

"நான் இல்லங்க," என்றார். "அவளே மாசக்கணக்கா தேய்ச்சு எடுத்தது. சொல்லவும் சொன்னா. நான்தான் காதுல வாங்காம குப்பைல போட்டுட்டேன். அதான் இப்படி வந்து நிக்கிறா."

"டேய், உனக்கெதுக்குடா இதெல்லாம்?" என்றார் நாத்தனார்.

"உண்மைதானேக்கா," என்றார் இவர். அத்தனை பேருக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஒரு மாதத்துக்காவது இவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று வண்டியிலேயே தீர்மானித்திருந்தேன். நியாயமான கோபம், நாலு சக்கரத்தைப் போலத் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தது. அது இரண்டு வரிப் பேச்சில் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது. இருபது வருடமாக இவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்தது இவ்வளவுதானா? இவ்வளவு போதுமா எனக்கு? ச்சீ என்று இருந்தது. ஊசிப்போன குழம்பில் தலையை விட்டபோது வராத அருவருப்பு, அழுதுகொண்டு நின்ற என்னை நினைத்து வந்தது. இருந்தும் அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டுதான் மரத்தரையிலிருந்து இறங்கினேன்.