ஒரு சுங்கான் தண்ணீர்

சுங்கான் என்றதும் துரைமார் பல்லில் கடித்துக்கொண்டு நடக்கிற கட்டைக் குழாயை நினைத்துவிடாதீர்கள். எங்கள் தவசியின் சுங்கான் அந்த வகை இல்லை. தண்டு மட்டும் இரண்டு முழம். அதன் நுனியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு செம்மண் கிண்ணம். முதல் உலகச் சண்டையின்போது பட்டாளத்துக்கு மூட்டை தூக்கும் கூலிகளோடு சேர்ந்து பஸ்ராவுக்குப் போனவன், மற்றவர்கள் கம்பளியும் தகரப்பெட்டியுமாக வந்து இறங்க, இந்தக் கழியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து இறங்கினான். கப்பலேறிப் போய்ப் பிழைத்து வாடா என்றால் புகைபிடிக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நான் கண்டபடி ஏசினேன். ஏசுகிற பாத்தியதை எனக்கு உண்டு. என் பெரியப்பா மகள் செல்லத்தாயைக் கட்டியவன் அவன்; எனக்கு மாப்பிள்ளை முறை.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். அவன் அதைப் பிடிக்கிற அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. சுருட்டு என்றால் கடைவாயில் அதக்கிக்கொண்டு ஏர் பிடிக்கலாம், வரப்பு வெட்டலாம், பக்கத்து வயல்காரனை வையவும் வையலாம். இது அப்படி விடாது. கிண்ணத்தைத் தரையில் ஒரு கல்மேல் அமர்த்தி, புகையிலையை உதிர்த்துப் போட்டு, கட்டைவிரலால் மூன்று தரம் அமுக்கி, மேலே கருவேலங்கட்டையின் நெருப்புக் கங்கு ஒன்றை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்காரவேண்டும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எழுந்தால் கிண்ணம் கவிழும். அவசரப்பட்டு இழுத்தால் தொண்டை கமறும். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் நாம் ஒரு வாய் வெற்றிலை போட்டுவிடலாம். ஒருநாள் கெஞ்சி வாங்கி நானும் இழுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு முழத்தைக் கடந்து வருவதற்குள் புகையின் சூடெல்லாம் ஆறிவிடுகிறது. யாரோ நம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, ஒன்றும் அவசரமில்லை, மெதுவாக வா என்று சொன்ன மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

மதுரைக்குப் பக்கத்தில், கோச்சடைக்கு மேற்கே எங்கள் ஊர். கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பன்னிரண்டு பங்குக்காரர்கள். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. குறைந்த வருஷத்தில் முறைவைத்துப் பாய்ச்சவேண்டும். அங்கேதான் மண்டை உடையும். முன்பெல்லாம் குச்சி நட்டு நிழலை அளந்தார்கள். மேகம் மூடினால் நிழலுக்கு எங்கே போவது? ஒருதரம் நட்ட குச்சியையே எவனோ பிடுங்கிச் சாய்த்து நட்டுவிட்டான். நான்கு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் தவசிதான் நீர்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவன் பொறுப்பு. திறந்துவிட்டு மடைக்கல்லில் உட்கார்ந்து ஒரு சுங்கான் பிடிப்பான். அது முடிந்ததும் எழுந்து பலகையைப் போடுவான். பசுமலையிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் விளையாட்டாகத் தன் கடிகாரத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் பார்த்தும் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பங்குக்கு ஒரு சுங்கான் தண்ணீர் என்று ஆகிப்போனது. கங்கு வைத்தால் மடை திறக்கும். கிண்ணத்தில் தீ அணைந்தால் மடை அடைபடும். அணைந்ததை மறுபடி பற்றவைக்கக்கூடாது.

அந்த வாத்தியாரின் கடிகாரத்தையே வாங்கி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாங்கள் என்ன விவரம் கெட்டவர்களா? வாத்தியார் பங்குக்காரன் பால்பாண்டியின் மைத்துனர். கடிகாரத்து முள்ளை விரலால் தள்ளிவிடலாம், தீயை எவன் தள்ளமுடியும் என்று ஊர்க் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்; எல்லோரும் தலையாட்டினோம். நான்தான் பலமாக ஆட்டினேன். அப்புறம் பதினைந்து வருஷம் ஒரு சண்டை இல்லை. தவசி கண்ணை மூடிப் புகை விடுகிறபோது, அந்த முறைக்காரன் வரப்பில் குந்தி, இவன் இன்னும் கொஞ்சம் சாவகாசமாக இழுக்கட்டுமே என்று அய்யனாரைக் கும்பிட்டுக்கொண்டிருப்பான். ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இத்தனை பேர் நேர்ந்துகொண்டது எங்கள் ஊரில் மட்டும்தான்.

போன வருஷம் மழை பொய்த்தது. என் மூன்று வயலும் பதராகி, வைக்கோல்தான் வீடு வந்தது. இந்த வருஷம் கண்மாய் பாதிதான் பெருகியது. தை மாதம் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஆளுக்கு ஒரே ஒரு தண்ணீர்தான் மிச்சம். அது பாய்ந்தால் நெல். பாயாவிட்டால் திரும்பவும் வைக்கோல். என் பெண்சாதி இருளாயி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள். நெல் வராவிட்டால் கண்டிச்சீமைக்கு, அவள் அண்ணன் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு, பிள்ளைகளோடு போய்விடுவது என்று முடிவு. எங்கள் தெருவிலிருந்து அங்கே போனவர்களில் ஒருவரும் திரும்பியதில்லை. இருளாயி அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெட்டியை மட்டும் தினமும் துடைத்தாள்.

தவசியோ கார்த்திகையிலிருந்து படுக்கையில் கிடந்தான். இருமினால் ரத்தம் வந்தது. புகையிலையைத் தொட்டால் ஆள் தேறமாட்டான் என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே செல்லத்தாய் சுங்கானைத் தூக்கிக்கொண்டு வந்து ஊர்ப் பொதுவில் போட்டுவிட்டாள். சரி என்று ஒரு பங்குக்காரரின் அண்ணன் மகன் சோணையை மடைக்கல்லில் உட்காரவைத்தார்கள். அவன் தன் சித்தப்பன் முறைக்கு இழுப்பதுபோல் பாவனை பண்ணினான். ஆகாதவன் முறைக்குக் கொல்லன் துருத்தி மாதிரி இழுத்துத் தள்ளினான். இரண்டு பங்கு பாய்வதற்குள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள்.

பிறகு தவசியைக் கூப்பிடப் போன நான்கு பேரில் நானும் ஒருவன். இதை நான் மறைக்கப்போவதில்லை. செல்லத்தாய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மற்ற மூன்று பேரையும் அவள் பார்க்கவே இல்லை.

"நீயுமாண்ணே வந்திருக்க?" என்றாள்.

ஒரே கும்பாவில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேறு சமயமாக இருந்தால் அந்த மூன்று பேரையும் நானே வாய்க்கு வந்தபடி பேசி விரட்டியிருப்பேன். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து தவசி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். உடம்பில் எலும்புதான் மிச்சம், முகத்தில் மட்டும் கல்யாணக் களை. சுங்கான் திரும்பக் கிடைக்கிறதே என்ற சந்தோஷம் அந்தப் பாவிக்கு. கட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்ப்பதற்கு மடைக்கல்லில் சாய்ந்து தண்ணீரைப் பார்க்கிறேன் என்று அவளைச் சமாதானம் பண்ணினான். அவள் அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டு அனுப்பினாள். வேறென்ன செய்வாள்?

மிச்சம் பத்துப் பங்கு. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் தவசிக்குத் தாங்காது. சீட்டுப் போட்டதில் ஐந்தாம் நாள் காலை எனக்கும் மத்தியானம் பால்பாண்டிக்கும் விழுந்தது. எங்கள் இருவரோடு கண்மாய் காலி. முதல் நான்கு நாளும் நான் கரையில்தான் கிடந்தேன். இருமல் வருகிறபோது தவசி தண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, துண்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, மறுபடியும் நிதானமாக இழுப்பான். நாளுக்கு நாள் துண்டில் சிவப்பு கூடியது. கிண்ணம் அணைகிற நேரம் மட்டும் மாறவில்லை. ஐந்தாம் நாள் வரைக்கும் இவன் தாங்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அவனுக்காகவா வேண்டினேன்? எனக்குத் தெரியும் யாருக்காக என்று.

ஐந்தாம் நாள் காலை, என் முறை. புகையிலையை அமுக்கக் கட்டைவிரலில் தெம்பு இல்லை. மூன்று தரத்துக்கு ஆறு தரம் அமுக்கினான். கங்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஒனக்குன்னு கூடவும் இழுக்கமாட்டேன், கொறைக்கவும் மாட்டேன் மச்சான். நீ போயி வாய்க்காலப் பாரு."

மடை திறந்தது. மேல வயல் நனைந்து, நடு வயலில் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் கரையில் இருமல் சத்தம் கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். தவசி உட்கார்ந்தபடியே சுருண்டு இருமினான். துண்டு நனைந்து கையில் வடிந்தது. போதும் மாப்ள, எழுந்திரு, வீட்டுக்குப் போவோம் என்ற பேச்சு என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவன் எழுந்தால் கிண்ணம் கவிழும், தீ அணையும், என் முறை முடிந்துவிடும். திரும்பி வயலைப் பார்த்தேன். கடை வயல் முழுசும் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புக்கு நடுவில் கதிர் தலை சாயாமல் நின்றது. அது என் மூன்று வயலில் பெரியது. பாதி நெல் அதில்தான்.

"மெதுவா இழு மாப்ள," என்றேன்.

நான் அவன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, என் கையை ஒருதரம் தட்டிக்கொடுத்துவிட்டுத் தண்டை வாயில் வைத்தான். அப்போதே என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருக்கவேண்டும். நான் பக்கத்தில் குந்திக்கொண்டேன்; அவ்வளவுதான் செய்தேன்.

நான்கைந்து இழுப்பு போயிருக்கும். ஒரு இழுப்புக்கு அப்புறம் அடுத்த இழுப்பு வரவில்லை. எப்போதும் இடைவெளி விடுகிறவன்தானே என்று இருந்தேன். தண்டின் நுனி உதட்டிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. கண் பாதி திறந்து தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. வாயிலிருந்து புகை வரவில்லை. கிண்ணத்திலிருந்து மட்டும் நூலாக வந்துகொண்டிருந்தது.

அடுத்த முறைக்காகக் காத்துக்கொண்டிருந்த பால்பாண்டி எழுந்து வந்து குனிந்து பார்த்தான்.

"மூச்சு இல்லண்ணே," என்றான் மெதுவாக.

நான் அவன் பக்கம் திரும்பவில்லை. தவசியின் முகத்தையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷமாக அந்தச் சுங்கானைப் பார்த்தவன் நான். இழுக்க இழுக்கத்தான் அது தீரும். இழுக்காமல் விட்டால் சீக்கிரத்தில் அணையாது. கங்கு சாம்பலைப் போர்த்திக்கொண்டு உள்ளே கனிந்துகொண்டே கிடக்கும். என் மாப்பிள்ளை செத்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, என் மனசு இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டது. நான் போடவில்லை, அதுவாகப் போட்டது என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பால்பாண்டி பலகையைத் தொடவில்லை. தீ இருக்கிறபோது எப்படித் தொடுவான்? தீ நீளநீள, கண்மாயில் அவனுக்கென்று மிச்சமிருந்த தண்ணீர்தான் என் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. அவனும் கிண்ணத்தைத்தான் பார்த்தான். இரண்டு தடியர்கள், நடுவில் ஒரு பிணம், மூன்று பேரும் அசையவில்லை.

அப்போது செல்லத்தாய் கஞ்சிக் கலயத்தோடு கரைமேல் ஏறி வந்தாள். தூரத்திலேயே அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும், நடை மெதுவானது. கலயத்தை இறக்கி வைத்தாள். அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள், நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். திறந்திருந்த கண்ணைத் தடவி மூடினாள். அடித்துக்கொண்டு அழுவாள், என்னை மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் பார்த்தாள்.

"வய நனஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

நனைந்துவிட்டது தாயி, எல்லாம் போதும், பலகையைப் போட்டுவிடுவோம் என்று சொல்ல வேண்டியதுதானே. எத்தனை பொய் சொன்ன வாய் இது. அந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை.

"கட வயலுக்கு இன்னும் ஏறல தாயி," என்றேன்.

அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, சாய்ந்திருந்த தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். மேற்கே இருந்து காற்று வந்தது. முந்தானையை இழுத்துக் கிண்ணத்துக்கு அந்தப் பக்கமாக மறைத்துப் பிடித்தாள்.

"தீ இருக்கு. யாரும் பலகையத் தொடாதீக."

நான் எழுந்து வாய்க்காலுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் போனது. வரப்பை வெட்டிவிட்டேன். தண்ணீர் கடை வயலின் வெடிப்புகளில் இறங்கி, நிரம்பி, கடைசி வரப்பு வரைக்கும் போய் முட்டியது. அதற்கு வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் கரைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வயல் நிறையும் வரைக்கும் அவள் அழவில்லை.