சுவரிலிருந்து நாற்பது சென்டி

பிப்ரவரி பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே முக்கால் மணிக்கு, பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டிய தெருவில், கடைசி வீட்டு ஷெட்டிலிருந்து ஆறரை மீட்டர் நீளமுள்ள கார் ஒன்று முதல் முறையாக வெளியே தள்ளப்பட்டது.

தள்ளியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த வீட்டுக்காரர். டிப்போ பட்டறையில் முப்பத்தொரு வருடமாக லேத் ஓட்டுகிறார் என்பதால் தெருவே அவரை டர்னர் என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் அவர் மனைவியின் தம்பி, இரும்பு கேட் செய்யும் வெல்டர். பக்கவாட்டில் திரும்பினால் ஆளே தெரியாது. சின்ன வயதில் யாரோ நெத்திலி என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கார் என்று சொன்னாலும் கடைக்குப் போய் வரும் கார் அல்ல. ஒரே ஒருவர் படுத்த வாக்கில் உட்கார்ந்து, வறண்ட ஏரிப் படுகையில் நேர்கோட்டில் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போய், வாலிலிருந்து பாராசூட்டை விரித்து நிறுத்த வேண்டிய வண்டி. இரும்புக் குழாய்ச் சட்டம். விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து எடுத்த இன்ஜின். மேலே அலுமினியத் தகடு. ஐந்து வருட உழைப்பு.

எதிர்வீட்டுத் தபால்காரர் வாயில் பிரஷ்ஷோடு வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“டர்னர், இதுக்கு ரிவர்ஸ் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப போறதோட சரி.”

நெத்திலி சிரித்தான். டர்னரும் சிரித்துவிட்டார். அன்று காலை அவர் எதற்கும் சிரிக்கிற நிலையில் இருந்தார்.

வண்டியில் ஏதோ சரியில்லை என்று மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவிதான் முதலில் பார்த்தாள். அவள் சீருடை தைப்பவள். வண்டியின் பாராசூட்டையும் நான்கு தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தது அவள்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“என்னங்க, இப்படி முன்பக்கமா வந்து நின்னு பாருங்க. ஒரு பக்கம் லூஸ் விட்டுத் தச்ச சட்டை மாதிரி இருக்கு.”

“வெயில் ஒரு பக்கமா அடிக்குது, அதான்.”

“வெயில் இன்னும் இந்தத் தெருவுக்கே வரலைங்க.”

டர்னர் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். ஐந்து வருடத்தில் அந்த வண்டியைப் பத்தடி தள்ளி நின்று அவர் பார்த்ததே இல்லை. ஷெட் அவ்வளவு குறுகல். லேத்துக்கும் மேசைக்கும் இடம் வேண்டும் என்று வண்டியை இடது சுவரோரமாக ஒதுக்கியிருந்தார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் அவர் தொந்தி நுழையாது. அதனால் வலது பக்கம் முழுவதும் அவர் வேலை. இடது பக்கம் நெத்திலி வேலை.

நடுச்சட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் டேப் பிடித்தார். மூக்கிலும் வாலிலும் சரி. நடுவில் இடது பக்கம் இருபத்திரண்டு மில்லிமீட்டர் கூடுதல். மறுபடி அளந்தார். இருபத்திரண்டு.

வீதியில் போகிற வண்டிக்கு இருபத்திரண்டு மில்லி ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டரில், டயருக்குச் சரியான பிடிமானம் இல்லாத ஏரி மண்ணில், ஒரு பக்கம் பருத்த வண்டியைக் காற்று என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அவர் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

“கேட்டுக்கு வெல்டிங் வைக்கிறவன் கையில விமானத்தைக் கொடுத்தா இப்படித்தான். ஒரு நூல் பிடிச்சுப் பாக்கத் தோணலையா உனக்கு? அஞ்சு வருஷமா உள்ள பூந்து என்னடா பண்ணிட்டிருந்த?”

தபால்காரர் வாய் கொப்பளிக்க உள்ளே போய்விட்டார். நெத்திலி தன் வெல்டிங் முகமூடியை எடுத்தான், மாடியை நிமிர்ந்து பார்த்து, “வரேன்க்கா” என்றான், போய்விட்டான். எப்போதும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான்.

டர்னரின் ஆத்திரத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. ஜனவரியில், ஏரிக் கார் ஓட்டத்துக்கான உடல்தகுதிச் சான்று வாங்கப் போனபோது கண் டாக்டர் சொன்னார்: “நேரா பாக்குறது நல்லாத்தான் இருக்கு. கண்ணுல அழுத்தம் ஜாஸ்தியாகி ஓரப்பார்வை சுருங்கிட்டு வருது. இந்த வருஷம் கையெழுத்துப் போடறேன். அடுத்த வருஷம் என்கிட்ட வராதீங்க.” ஏரியில் ஓட்டம் நடப்பது வருடத்துக்கு இரண்டே நாள். இந்த வருடம் மார்ச் ஒன்பதும் பத்தும். அதை விட்டால் அந்த இருக்கையில் அவர் ஒருபோதும் உட்கார முடியாது. தகட்டைப் பிரித்து, விலாச் சட்டங்களை அறுத்து, மறுபடி வைக்க மூன்று மாதமாகும். கையில் இருந்தது மூன்று வாரம்.

அப்படியே ஓட்டிவிடுவது என்று அன்று மத்தியானமே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் பிடித்துக்கொண்டால் போகிறது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தவர், வெறும் ஷெட்டைப் பெருக்கலாம் என்று உள்ளே போனார். வண்டி வெளியே தார்ப்பாய்க்குள் கிடந்தது. இடது சுவரோரம் நெத்திலியின் சாமான்கள் அப்படியே இருந்தன: தகடு வெட்டும் கத்திரி, ரிவெட் டப்பா, ஒரு மரக்குச்சி. குச்சியின் இரண்டு முனையிலும் தேய்மானம். ஒரு முனையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

அளந்து பார்த்தார். சரியாக நாற்பது சென்டி.

அந்த இடுக்கில் டேப்பை நீட்டவோ நூல் கட்டவோ இடம் கிடையாது. அதனால் நெத்திலி சுவரையே நேர்கோடாக எடுத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு விலாச் சட்டத்தையும் வைக்கும்போது குச்சியின் ஒரு முனையைச் சுவரில் முட்டி, மறுமுனை தொடுகிற இடத்தில் சட்டத்தை நிறுத்தியிருக்கிறான். பதினேழு சட்டம். பதினேழிலும் குச்சியளவு பிசகியிருக்காது; அவன் கை அப்படி.

டர்னர் ஒரு நூலை எடுத்து, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டினார். நடுவில் நூலுக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழைந்தது. அளக்கவேண்டிய அவசியமே இல்லை. அளந்தார். இருபத்திரண்டு.

அந்தச் சுவரைக் கட்டியது அவர்தான். ஏழு வருடத்துக்கு முன்னால், மழைக்கு முன்பு முடித்துவிட வேண்டும் என்று, கொத்தனார் வராத ஒரு சனி ஞாயிறில் தானே செங்கல் வைத்து எழுப்பினார். பட்டறையில் ஒரு போல்ட் வந்தால்கூட அளக்காமல் வாங்க மாட்டார். புது ஆள் யாராவது கண்ணாலேயே அளவு சொன்னால் அன்று முழுக்கக் கிண்டல் செய்வார். தான் கட்டிய சுவர் என்பதால் அதை மட்டும் ஒருநாளும் அளக்கவில்லை.

நூலைக் கழற்றிச் சுற்றினார். இதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். சுவர் பாட்டுக்குச் சும்மா இருக்கும். நெத்திலியும் தன் கை பிசகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பான். இன்னும் கொஞ்ச நாளில் தானாக வந்துவிடுவான். அக்கா வீட்டுக்கு வராமல் எங்கே போவான்?

அப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வெல்டிங் பட்டறையில் நெத்திலி ஒரு பள்ளிக்கூடத்துக் கேட்டைக் குப்புறப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். முகமூடியைத் தூக்காமலே, “அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க மாமா, பொறி தெறிக்கும்” என்றான்.

“சுவரு கோணல்டா.”

“எந்தச் சுவரு?”

“ஷெட்டுச் சுவரு. நடுவுல வெளிப்பக்கம் போயிருக்கு. நீ குச்சி வச்சது சரி. நூல் கட்டிப் பாத்தேன்.”

நெத்திலி முகமூடியைத் தூக்கினான். முகமெல்லாம் வியர்வை.

“எவ்வளவு?”

“இருபத்திரண்டு.”

“கட்டினது யாரு?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

“உங்க வாயால கேக்கணும்.”

“நான்தான்.”

நெத்திலி கேட்டின் மேலேயே உட்கார்ந்தான். சிரிப்பான் என்று டர்னர் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

“மூணு நாளா என் கையைப் பாத்துப் பாத்து வேலை செய்றேன் மாமா. இந்தக் கேட்டை நாலு தடவை அளந்துட்டேன். நூல் கட்ட இடம் இல்லன்னதும் வேற யாரு சுவரா இருந்தாலும் ஒரு தடவை யோசிச்சிருப்பேன். உங்க சுவராச்சேன்னு நம்பினேன்.”

“தெருவுல வச்சு அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“தபால்காரர் இருந்தாரு. இந்நேரம் எல்லா வீட்லயும் டெலிவரி ஆயிருக்கும்.”

“அவருகிட்டயும் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. ஸ்டாம்ப் ஒட்டிச் சொல்லுங்க.” அப்போதுதான் கொஞ்சம் சிரித்தான். “சரி, இப்ப என்ன பண்றது? வலது பக்கத்தையும் இருபத்திரண்டு மில்லி ஏத்திடலாமா? ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி உப்பலா இருக்கும்.”

டர்னர் அதையும் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வலது பக்கத்தில்தான் புகைக்குழாய், ஏறி இறங்கும் மூடி எல்லாம். அதைத் தொட்டால் நான்கு மாதம்.

“அப்படியே ஓட்டலாம்னு பாக்கறேன்” என்றார்.

“உங்க வண்டி. நான் கூட வரேன். ஆனா பாராசூட்டு விரியற வரைக்கும் நான் கண்ணை மூடிட்டுத்தான் நிப்பேன்.”

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.  அவர் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கால் நின்றது.

“நேராப் போகுமா?”

“போகும்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறேன்னு சொல்லி நீங்க ஒரு வாஷரைக்கூட யாருக்கும் கொடுத்தது இல்ல.”

“அடுத்த வருஷம் எனக்குக் கையெழுத்துக் கிடைக்காதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். நானும்தானே கூட வந்தேன்.” அவள் துணியை ஒதுக்கி வைத்தாள். “போகாதீங்கன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நேராப் போகுமான்னு மட்டும்தான் கேட்டேன்.”

அவர் வெளியே போய்த் தார்ப்பாயை விலக்கி, வலது பக்கமாக ஏறி இருக்கையில் படுத்தார். அது அவர் முதுகுக்கென்றே வளைத்த இருக்கை. தோள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. ஸ்டியரிங்கைப் பிடித்தார். முன்கண்ணாடி வழியாக டிப்போ சுவர் தெரிந்தது. ஓட்டியே விடலாம் என்று ஒரு கணம், முடியாது என்று ஒரு கணம். வலது பக்கம் எவ்வளவு பிடித்தால் நேராகப் போகும் என்று ஒரு எண் சொல்ல முயன்றார். எந்த எண்ணைச் சொன்னாலும் அது கண்ணால் அளந்த எண்ணாக இருந்தது.

மறுநாள் காலை, பெயரை விலக்கிக்கொள்வதாக ஓட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அதைக் கொண்டுபோய்த் தபால்காரர் கையில் கொடுத்தபோது சுவர் விஷயத்தையும் சொன்னார்.

ஷெட்டுக்குள் வண்டி திரும்பப் போகவில்லை. முன்வாசலில் கொட்டகை போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் விட்டு, ஜூன் மாதம் இடது தகடு முழுவதையும் பிரித்தார்கள். நெத்திலி சட்டம் வைத்தான். டர்னர் நூல் பிடித்தார். செப்டம்பரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு மில்லிக்குக் குறைவான வித்தியாசம். இருக்கை நெத்திலிக்குத் தொளதொளவென்று இருந்ததால் அக்கா இரண்டு பக்கமும் மெத்தை தைத்து வைத்தாள்.

அடுத்த ஆண்டு மார்ச் எட்டாம் தேதி காலை எட்டு இருபதுக்கு வண்டி ஏரிப் படுகையில் ஓடியது. அளவிடப்பட்ட தூரத்தில் சராசரி வேகம் மணிக்கு 263.4 கிலோமீட்டர். அந்தப் பிரிவின் சாதனை 281, அது மாறவில்லை. பதிவேட்டில் ஓட்டுநர் என்ற இடத்தில் நெத்திலியின் பெயரும், தயாரித்தவர்கள் என்ற இடத்தில் இருவரின் பெயரும் இருக்கின்றன.