ஈரம் பட்ட சாக்லேட்

சாயங்காலம், விலை பேசிய ஓவனை எடுத்துப்போக அடுத்த தெருப் பெண் வருகிறாள். அது கேக்கக்காவே பேசி முடித்த விஷயம். அதற்குள் வீட்டில் ஒரு கேக் தயாராக வேண்டும். இது அவள் புருஷன் பேசி முடித்த விஷயம். அவளுக்கு இன்னும் தெரியாது.

தெருவே அவளைக் கேக்கக்கா என்றுதான் கூப்பிடும். பிறந்தநாளோ பரீட்சை பாஸோ, அவள் வீட்டுக் கதவைத் தட்டாமல் எதுவும் நடந்ததில்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபின், தட்டியவர்களுக்கெல்லாம் "இனிமே இல்லை" என்று ஒரே பதில். பிறகு அதைச் சொல்லவும் அவள் எழுந்து வருவதில்லை. ஜன்னலோரம் நாற்காலி. மடியில் அந்தக் கை, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் நாள் முழுக்க 'ம்', 'வேண்டாம்', அவ்வளவுதான்.

புருஷன் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலை போயும் 'டிரைவர்' என்ற பெயர் போகவில்லை. சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் நுழைந்தவர், இப்போது சோறும் குழம்பும் ஒருவழியாக ஒப்பேற்றுகிறார். இன்று பிஸ்கட் பாக்கெட்டுகளும் வெண்ணெயும் சாக்லேட் கட்டியும் வாங்கி வந்து மேடையில் பரப்பினார்.

"என்ன அது?" ஜன்னலோரத்திலிருந்து கேள்வி வந்தது.

"மாடி வீட்டு டெய்லரம்மா பையனுக்குப் பிறந்தநாளாம். கேக் கேட்டாங்க. சரின்னுட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"ஓவன் வேண்டாம்மா. நீ பிரிட்ஜ்ல வெச்சே ஒண்ணு செய்வியே, பிஸ்கட்டை நொறுக்கி, அது. நீ வாயால சொல்லு, நான் கையால செய்றேன்."

"பாவப்பட்டு ஆர்டர் குடுக்கறாங்களா?"

"அந்தம்மாவா? பாவம்னு நினைச்சு ஒரு பட்டன்கூடத் தைச்சுத் தந்ததில்லை!"

அவள் சிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களாச்சு, உங்க டெய்லரம்மாவாச்சு."

டிரைவர் தனியாகத்தான் வேலையில் இறங்கினார். பிஸ்கட்டைத் துணிப்பையில் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினார். பாதி மாவாய், பாதி கல்லாய் வந்தது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்க வேண்டும் என்பதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். கிண்ணத்தில் தூசி மாதிரி தெரிந்தது. எத்தனையோ வருஷம் காலையில் பஸ் கண்ணாடியைத் துடைத்த பழக்கம்; ஈரத்துணியை எடுத்து உள்ளேயும் வெளியேயும் பளபளவென்று துடைத்தார்.

சாக்லேட் முதலில் அழகாக உருகியது. கிண்டக் கிண்ட மினுமினுப்பு போய், திடீரென்று இறுகித் திரிதிரியாகி, சேற்று உருண்டையாகக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. அவர் தீயைக் கூட்டினார்.

தீய்ந்த வாசனை ஜன்னல்வரை போயிருக்க வேண்டும்.

"அடுப்பை அணைங்க!"

அணைத்தார். அவள் குரல் இந்த வீட்டில் இவ்வளவு உயரத்துக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. நாற்காலி நகர்ந்தது. சுவரைப் பிடித்து, இடது காலை ஊன்றி, வலது காலை இழுத்து அவள் சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"கிண்ணத்தை எதால துடைச்சீங்க?"

அவர் ஈரத்துணியைக் காட்டினார்.

"கடவுளே! சொட்டு ஈரம் பட்டாலும் சாக்லேட் கட்டிக்குமே! இதென்ன பஸ் கண்ணாடியா?"

"தூக்கிப் போட்டுடட்டுமா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இந்த ஒண்ணுதாம்மா தோணிச்சு. ஓவனும் போயிட்டா நீ அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவே மாட்டியோன்னு…" துணியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

அவள் கிண்ணத்தையே பார்த்தாள்.

"பால் சுட வையுங்க."

"ஈரம் ஆகாதுன்னியே?"

"சொட்டுதான் ஆகாது. நிறைய ஊத்தினா இளகிடும். வையுங்க, விளக்கம் அப்புறம்."

அவர் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டார். அவள் வயிற்றால் மேடையில் சாய்ந்து, இடது கையில் கரண்டியை வாங்கினாள். முதல் சுற்றில் கரண்டி நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. அவர் எடுக்கக் கை நீட்டினார். "நீங்க கிண்ணத்தைப் பிடிங்க, போதும்" என்றாள். அவர் பிடித்தார், அவள் கிண்டினாள். கையெழுத்துப் பழகும் குழந்தை மாதிரி கோணல்மாணலாகத்தான் சுற்றியது. நெற்றியில் வியர்வை. மெல்லமெல்ல உருண்டை உடைந்தது, குழைந்தது, பழைய மினுமினுப்பு திரும்பியது.

"கொஞ்சம் தளர்வா இருக்கு. இன்னும் ஒரு பாக்கெட் பிஸ்கட் நொறுக்குங்க. கல்லெல்லாம் பொறுக்கிட்டு!"

வெண்ணெய்த்தாள் விரித்த நீளமான டின்னில், பிஸ்கட்டும் வெண்ணெயும் சேர்ந்த கலவையை அமுக்கி பிரிட்ஜில் வைத்தார்கள்.

சாயங்காலம் அடுத்த தெருப் பெண் ஆட்டோவோடு வந்தாள். ஓவனைக் கூட வந்த இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். சூடான தட்டை ஒரு கையால் இழுக்க முடியாது. அது கேக்கக்காவுக்குத் தெரியும். மேடையில் ஓவன் இருந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது. அதை அவள் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். கண் கலங்கியது. டிரைவர் பார்க்காததுபோல் டின்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீள டின்னும் தர்றதா சொன்னீங்களேக்கா?"

"அதுல கேக் இருக்கு."

"பரவால்லக்கா, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

கேக்கக்கா புருஷனைப் பார்த்தாள். "வேண்டாம் கண்ணு," என்றாள். "நாளைக்கும் அதுல கேக் இருக்கும்."

ஆட்டோ கிளம்பிய சத்தம் தேய்ந்தது. உள்ளே டிரைவர் கிண்ணத்தைக் கழுவி முடித்திருந்தார்.

"துடைச்சாச்சா?"

"துடைச்சாச்சு."

"காய்ஞ்ச துணியிலயா?"

காய்ந்த துணி தேடி அவர் அலமாரியைத் திறக்கும் ஓசை கேட்டது.